பெயிண்ட் குடித்த துணி

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. இதை அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். தொழில் பெயிண்டர். ஆனால் ஏணியில் நாலாவது படிக்கு மேல் ஏறமாட்டார். ஏணி ஏறாத பெயிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு வீட்டு மணியை அடித்தால், அடித்த கையோடு மூன்று அடி பின்னால் போய் நின்றுகொள்வார். போன் அடித்தால் போனைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். கூட வேலை செய்பவர்கள் சாரத்தில் ஏறினால் கீழே நின்று "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பாத்தண்ணன் எங்கே என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் உயரத்தில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவர் அடிக்கும்போது, இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்கிற சின்ன வேலையாகத் தேடித் தேடி எடுத்துக்கொண்டார். அப்படித்தான் ஸ்பீக்கர் கிரில் கைக்கு வந்தது. இப்போது கட்டுகிற இடங்களில் ஸ்பீக்கரைச் சுவருக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். அதன் மேல் ஒரு தகர மூடி, சல்லடை மாதிரி ஆயிரம் ஓட்டையோடு. அதுதான் கிரில். கடையிலிருந்து வரும்போது வெள்ளையாக இருக்கும். அழகாக நிறம் அடித்த அறையில் அது மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அதைச் சுவரோடு சுவராக்கி, இருக்கிற இடமே தெரியாமல் செய்துவிட வேண்டும்.

சொல்வதற்குச் சுலபம். தகரம் சுவரைப் போலப் பெயிண்டைக் குடிக்காது. ஒரே டப்பாவிலிருந்து எடுத்து அடித்தாலும் ஒரு சாயல் தூக்கலாகத் தெரியும். அவர் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு முறை, சாயங்கால வெளிச்சத்தில் ஒரு முறை சுவரில் வைத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு வெள்ளை சேர்ப்பார், அரைச் சொட்டு மஞ்சள் சேர்ப்பார். தப்பாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறவனுக்குத்தான் அந்தப் பொறுமை வரும்.

கிரிலின் பின்பக்கம் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று ஒட்டியிருக்கும், உள்ளே தூசி போகாமல் இருக்க. பெயிண்ட் அடிப்பதற்கு முன் அதை உரித்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் தண்ணீராகக் கரைத்த பெயிண்டைக் கொஞ்சம் தள்ளி நின்று, பட்டும் படாமலும் மூன்று தடவை ஸ்பிரே செய்ய வேண்டும். அடைபட்ட ஓட்டைகளை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு துணியைத் திரும்ப ஒட்ட வேண்டும். துணியை உரிக்காமல் அடித்தால் தீர்ந்தது. துணி பெயிண்டைக் குடித்துப் பலகையாகிவிடும், ஸ்பீக்கரின் வாயைப் பொத்தின மாதிரி.

அடிப்பது அவர். துணி ஒட்டுவது நான். வேலை பிடிப்பது, நாள் சொல்வது, தாமதமானால் சமாளிப்பது, எதிராளி குரலை உயர்த்தினால் நானும் உயர்த்துவது, இதெல்லாமும் நான்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். எங்கள் வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று இருந்துவிட்டோம்.

முதியோர் இல்லம் ஒன்றில் மூன்றாவது மாடியைப் புதுப்பித்திருந்தார்கள். இருபத்திரண்டு அறை, அறைக்கு ஒரு ஸ்பீக்கர், எல்லாச் சுவரும் இளஞ்சந்தன நிறம். சாப்பாட்டு நேரம், டாக்டர் வரும் நேரம், யாரையாவது பார்க்க ஆள் வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் அந்த ஸ்பீக்கரில்தான். தீப்பிடித்தால் வெளியே வரச் சொல்கிற குரலும் அதில்தான் வரும். நடைபாதையில் தனியாக ஸ்பீக்கர் கிடையாது. கிரில்களை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து அடித்தோம். அவர் கொண்டுபோய் மாட்டினார். அந்த இல்லத்து மேலாளர் அம்மா அறை அறையாகப் பார்த்து, ஒரு அறையில் மட்டும் நின்று, "இங்க ஸ்பீக்கர் எங்க இருக்குன்னே தெரியலயே" என்று போனில் படம் எடுத்துக்கொண்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் இரண்டு தடவை அதைச் சொன்னார். அவர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்வது அபூர்வம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேறொரு இடத்துக்கு எட்டு கிரில் அடித்துக் காயவைத்திருந்தோம். நான் துணி ஒட்ட உட்கார்ந்தேன். சும்மா இருக்காத வாய், கிண்டலாகச் சொல்லிவைத்தேன்.

"போன தடவ அந்த இல்லத்து வேலையில ஒண்ணு நீங்களே ஒட்டி வெச்சிருந்தீங்க. இப்பவும் ஒண்ணு ஒட்டி வெச்சிருந்தா குறஞ்சா போயிடுவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்ப ஒட்டினேன்?"

"கடைசில ஒண்ணு துணியோடயே இருந்துச்சே. நீங்க ஒட்டினதுன்னு எடுத்து அப்படியே அடுக்கி வெச்சுட்டேன்."

"நான் துணி ஒட்டினதே இல்லயே."

கையிலிருந்த தகரத் துண்டைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போய்விட்டது. பதினேழு வருஷமாக அவர் பயப்படுவதைப் பார்க்கிறேன். பல்லிக்குப் பயம், போலீஸ்காரருக்குப் பயம், லிப்டுக்குப் பயம். இந்த முகம் நான் பார்க்காத முகம்.

"அந்தத் துணி எப்படி இருந்துச்சு? வெள்ளையா?"

யோசித்தேன். அன்றைக்கு நான் என் அக்காவோடு போனில் பேசிக்கொண்டே ஒட்டினேன். கடைசித் துணி கொஞ்சம் விறைப்பாக, கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருந்தது. இவர் கையில் பெயிண்டோடு ஒட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். துணி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் இருபத்தொன்றுதான் இருந்திருக்கும்.

"லேசா நிறம் ஏறி இருந்துச்சு" என்றேன்.

"பதினெட்டு" என்றார்.

"என்ன பதினெட்டு?"

"பதினெட்டாம் நம்பர் ரூம். மத்ததுல எல்லாம் கிட்டப் போனா ஓட்டைக்குள்ள வெள்ளை தெரியும். அதுல மட்டும் தெரியல. அந்தம்மா படம் எடுத்தாங்களே, அதான். நான் என்னமோ என் கைவேலைன்னு நெனச்சேன்."

"ஸ்பீக்கர் வெச்ச எலக்ட்ரீஷியன் சோதனை பண்ணினாரே?"

"அவரு கிரில் மாட்டறதுக்கு முன்னாடியே பண்ணிட்டுப் போயிட்டாரு." காய்ந்த கிரில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தீப்பிடிச்சா அந்த ரூமுக்கு மட்டும் கேக்காது" என்றார்.

"தீ என்ன இன்னிக்கேவா பிடிக்கப் போகுது" என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, கையிலிருந்த பசையைத் துடைக்காமலே செருப்பைத் தேடினேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர், மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே மெல்லிய கத்தி, ஊசி, பசை, ஒரு துண்டு வெள்ளைத் துணி. பாதி வழியில் எங்கேயோ ஒரு சைரன் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அது ஆம்புலன்ஸ் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. அந்தக் கட்டடம் கண்ணில் படும்வரை, அதன் மேல் புகை தெரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். புகை இல்லை. வெள்ளைக் கட்டடம், வாசலில் இரண்டு சக்கர நாற்காலி, எல்லாம் அப்படியே இருந்தது.

மேலாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வழக்கம்போல நான்தான் பேசினேன். உண்மையைப் பாதிதான் சொன்னேன்.

"பதினெட்டுல கிரில் லேசா சரி பண்ணணும்மா. பத்து நிமிஷ வேலை."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வாங்க. அந்த ரூம் காலியாயிடும்."

"ஊருக்குப் போறாங்களா?"

"எங்க போறது. அஞ்சாவது மாடிக்கு மாத்தறோம்."

அஞ்சாவது மாடி எங்களுக்குத் தெரியும். நினைவு தடுமாறியவர்கள் இருக்கிற மாடி. கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பார்கள்.

"டீச்சரா இருந்தவங்க" என்றார் மேலாளர். "வரும்போது நல்லாத்தான் வந்தாங்க. வந்த கொஞ்ச நாள்லயே மூளை குழம்பிடுச்சு, பாவம். மைக்குல பேர் சொல்லி மூணு தடவ கூப்பிடறோம், வர்றதில்ல. போய்க் கேட்டா யாருமே கூப்பிடலயேன்னு சொல்றாங்க. ஆரம்பத்துல எங்களோட சண்டை போட்டாங்க. இப்ப அவங்களே, கூப்பிட்டிருப்பீங்க, நான் மறந்திருப்பேன்னு சொல்றாங்க. ஒரு நாள் மகன் வந்து கீழ ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. நாலு தடவ கூப்பிட்டோம், இறங்கி வரல. மேல போய்ப் பாக்க அவருக்கு மனசு வரல. மாடி மாத்தறதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான்தான் சொல்லவேண்டும். "சரிம்மா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வரோம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தவள் நான். அவர் என் பின்னால் வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தத் துணியை என் கையால் தொட்டு, பார்த்து, அடுக்கி வைத்தவள் நான். நடக்க நடக்க மனம் கணக்குப் போட்டது. ரூம் காலியானதும் வந்து சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது, உண்மையிலேயே மறதியும் இருக்கலாம், யார் கண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைத்துக்கொண்டே வாசல் கேட் வரை வந்துவிட்டேன்.

கேட்டுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நீ வீட்டுக்குப் போ. நான் சொல்லிட்டு வரேன்."

"என்னத்தச் சொல்லப் போறீங்க? சொன்னா இனிமே நம்மள இந்தப் பக்கமே சேர்க்கமாட்டாங்க."

"தெரியும்."

"நீங்க போய் அந்தம்மா முன்னாடி நின்னு பேசிடுவீங்களா? பயமா இல்ல?"

"இருக்கு. காலு நிக்கவே மாட்டேங்குது, பாரு."

"அப்புறம் என்ன வீம்பு?"

"அந்த டீச்சர் எவ்ளோ பயந்து போயிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ பயந்ததில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பயந்ததில்லையாம். அந்த நிமிஷம் என் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நானும் ஓடினேன்.

நான் உள்ளே போனபோது அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கிப் பேசிக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதும்மா. துணிய எடுக்காம அடிச்சுட்டேன். நான்தான் கவனிக்கல." என் பெயரை எடுக்கவே இல்லை.

"டெஸ்ட் பண்ணித்தானே நான் கையெழுத்துப் போட்டேன்?"

"அது கிரில் மாட்டறதுக்கு முன்னாடிம்மா. மாட்டின அப்புறம் யாரும் பாக்கல."

மேலாளர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். கோபம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது கோபம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபத்தாறு. "பன்னண்டரைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாங்க. வாங்க" என்று எழுந்தார்.

பதினெட்டாம் அறையில் டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, செருப்புப் போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நேராக உட்கார்ந்திருந்தார். மடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று. மேலாளரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "காலையில ரொட்டி, ஒரு முட்டை. மருந்து போட்டாச்சு. மகன் நம்பர் சொல்லட்டுமா?"

சொல்ல ஆரம்பித்துவிட்டார். மேலாளர் வேண்டாம் என்று கையைக் காட்டியும் நிறுத்தவில்லை. கடைசி எண்வரை சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கண்ணை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். போன் அடிக்கும்போது.

பன்னிரண்டரை ஆனது. பக்கத்து அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு நடந்து போனார்கள். எங்கள் அறையில் ஒன்றும் கேட்கவில்லை. நான் சுவரில் காதை வைத்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு யாரோ முனகுவது போல இருந்தது, அவ்வளவுதான். மேலாளரும் காதை வைத்துக் கேட்டார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து கத்தி முனையைக் கிரில் ஓரத்தில் செருகினார். கத்தி இரண்டு தடவை வழுக்கி, சுவரில் கீறல் விழுந்தது. மூன்றாவது தடவை கிரில் கையோடு வந்தது.

"மதியச் சாப்பாடு தயார். எல்லாரும் சாப்பாட்டு அறைக்கு வாங்க."

இரண்டாவது அறிவிப்பு. குரல் அறையை அடைத்துக்கொண்டு வந்தது. டீச்சர் நோட்டைக் கீழே போட்டுவிட்டார். சுவரில் இருந்த ஓட்டையையே பார்த்தார்.

"மூடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் கிரிலைத் திரும்ப அழுத்தினார். அதையே திரும்பச் சொல்லத் தொடங்கியிருந்த குரல் வாக்கியத்தின் நடுவில் செத்துப்போனது.

"திறங்க."

திறந்தார். மூன்றாவது அறிவிப்பு முழுவதும் கேட்டது. கேட்டு முடித்து, டீச்சர் மேலாளரிடம் திரும்பினார். "இத்தன நாளும் இப்படித்தான் கூப்பிட்டீங்களா?"

"ஆமாம்மா. கூப்பிட்டோம். உங்களுக்குத்தான் வரல."

"அப்ப நான் மறக்கல."

"இல்லம்மா."

"வெள்ளிக்கிழமை?"

"நீங்க எங்கயும் போகவேணாம்" என்ற மேலாளர் வேகமாக வெளியே போனார். ஒரு நிமிஷம் கழித்து அவர் குரல் சுவரிலிருந்து வந்தது. "பதினெட்டாம் நம்பர் டீச்சரம்மா. சாப்பிட வாங்க."

"வரேன்" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்து, வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்.

வரேன் என்றவருக்கு நடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடியே, விறைத்துப்போன துணியைக் கிரிலிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீ ஏம்மா இப்படி நடுங்கற?" என்றார் டீச்சர் என்னிடம்.

"நான்தாம்மா" என்றேன். "அவரு இல்ல. துணி ஒட்டினது நான். கையில எடுத்துப் பாத்துட்டும் சொல்லாம விட்டுட்டேன். இப்பக்கூட சொல்லாமத்தான் போகப் பாத்தேன்."

டீச்சர் என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் என் தோளிலிருந்த கையை எடுக்கவில்லை. இருவரும் மெதுவாக நடைபாதைக்கு வந்தோம். சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பத்தடி முன்னால் அவர் நின்றார்.

"இந்த ரூம்ல நாப்பத்தொரு நாள்" என்றார். "நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அதுல ஒரு நாள் என் மகன் வந்துட்டுப் போயிருக்கான்."

பிறகு என் தோளில் இன்னும் கொஞ்சம் பாரத்தைப் போட்டு அடுத்த அடியை எடுத்து வைத்தார்.